மாடு கத்தல, ஊசி நிக்கல: தீவனத்துல கொழுப்பு எப்ப குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும்

கன்னு போட்டு மூணு மாசம் ஆச்சு, மாடு பருவத்துக்கு வந்து கத்தவே இல்ல, இல்லாட்டி மூணு தடவ சினை ஊசி போட்டாச்சு நிக்கவே மாட்டேங்குது, இப்படி சொல்லிட்டு தீவனக்கடைக்கு போனா இப்பல்லாம் முதல்ல எடுத்து குடுக்குறது பைபாஸ் ஃபேட் பாக்கெட் தான், அதாவது பெருவயித்துல கரையாம தாண்டிப் போற மாதிரி செஞ்ச கொழுப்பு. அது தப்பான பொருள்னு சொல்ல வரல, சரியான மாட்டுக்கு சரியான நேரத்துல குடுத்தா நல்லாவே வேலை செய்யும். ஆனா அது மாட்ட பருவத்துக்கு கொண்டு வர்ற மருந்து கிடையாது. கன்னு போட்ட பிறகு வர்ற சத்து பற்றாக்குறைய மட்டும் தான் அது சரி பண்ணும், உங்க மாட்டுக்கு பிரச்சனை அது இல்லைனா நீங்க குடுக்குற கொழுப்பு பாலுக்கோ சாணிக்கோ போயிடும், சினைக்கு போகாது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி மாட்ட பாக்கணும், ஏற்கனவே போடுற தீவனத்துல எவ்வளவு கொழுப்பு இருக்குனு கணக்கு போடணும், கன்னு போட்டு எத்தனை நாள்னு பாக்கணும், இந்த மூணையும் எப்படி செய்யுறதுனு தான் இங்க எழுதுறேன். பேசுறது ஜெர்சி கலப்பு, ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாதிரி நாளைக்கு பத்து லிட்டருக்கு மேல கறக்குற மாடுகள பத்தி. அஞ்சு லிட்டர் கறக்குற மாட்டுக்கு இந்த செலவே தேவை இல்ல, அதுக்கு பச்சைப்புல்லும் தாது உப்பும் ஒழுங்கா குடுத்தாலே போதும்.

கன்னு போட்ட பிறகு உள்ள என்ன நடக்குது

கன்னு போட்ட நாலாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரத்துக்குள்ள பால் உச்சத்துக்கு போயிடும். ஆனா மாடு திங்கிற அளவு உச்சத்துக்கு வர பத்து வாரம், பன்னெண்டு வாரம் கூட ஆகும். நடுவுல இருக்குற இந்த காலத்துல பாலுக்கு போற சத்து அதிகம், வாய் வழியா வர்ற சத்து கம்மி, அந்த பள்ளத்த மாடு தன் உடம்பு கொழுப்ப கரைச்சு தான் நிரப்புது. விலா எலும்பு தெரிய ஆரம்பிக்கிறதும் வால் மூலத்துல ரெண்டு பக்கமும் குழி விழுறதும் இதனால தான்.

இப்படி வறண்டு போற நேரத்துல ரத்தத்துல இன்சுலின் இறங்கி போயிருக்கும், மூளையில இருந்து கருமுட்டை வெடிக்க வர்ற ஹார்மோன் துடிப்பும் குறைஞ்சிடும். சினைப்பையில முட்டைப்பை வளரும், வளர்ந்து வளர்ந்து வெடிக்காமலே சுருங்கிடும், அப்புறம் இன்னொண்ணு வளரும் அதுவும் அப்படியே போகும். டாக்டர் கை விட்டு பாத்துட்டு சினைப்பை வேலை செய்யலைனு சொல்றது பெரும்பாலும் இந்த நிலைமைய தான்.

இன்னொரு விஷயம், இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. ஒரு கருமுட்டை வளர்ந்து முதிர ரெண்டு, ரெண்டரை மாசம் ஆகும். 1992ல அமெரிக்காவுல ஜாக் பிரிட்னு ஒரு விஞ்ஞானி இத வச்சு ஒரு கருத்து சொன்னாரு, கன்னு போட்ட உடனே மாடு வறண்டு கிடக்கிற நாள்ல வளர ஆரம்பிச்ச முட்டை தான் எழுபது எண்பது நாள் கழிச்சு நாம ஊசி போடும் போது வெளிய வருது, அதோட தரம் அப்பவே கெட்டு போச்சுனு. பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துல பின்னாடி செஞ்ச வேலைகள்லயும் உடம்பு கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல மிதக்குற கொழுப்பு அமிலம் முட்டைப்பைக்குள்ள இருக்குற நீர் வரைக்கும் போகுது, முட்டைய பாதிக்குதுனு காட்டினாங்க. அதனால மூணு மாசம் கழிச்சு ஊசி நிக்கலனு ஓடுறத விட கன்னு போட்ட முதல் மாசத்த ஒழுங்கா பாத்துக்கிறது தான் புத்திசாலித்தனம்.

கொழுப்பு இதுல எப்படி உதவுது

முதலாவது வெறும் சக்தி. மாவுச்சத்துல கிராமுக்கு நாலு கலோரினா கொழுப்புல ஒம்பது, அதாவது ரெண்டே கால் மடங்கு. வயித்துல இடம் இல்லாத மாட்டுக்கு சின்ன அளவுல நிறைய சக்தி குடுக்க இத விட வழி இல்ல. சித்திரை வைகாசி வெயில்ல மாடு தீனிய குறைச்சிடும்ல, அப்ப இது இன்னும் பிரயோஜனம், ஏன்னா வைக்கோல் செரிக்கும் போது உடம்புல உண்டாகுற சூட்ட விட கொழுப்பு செரிக்கும் போது வர்ற சூடு கம்மி.

ரெண்டாவது கொலஸ்ட்ரால். மனுஷனுக்கு தான் அது பயமுறுத்துற வார்த்தை, மாட்டுக்கு சினைய தாங்கி பிடிக்கிற புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் செய்யுறதுக்கு மூலப்பொருளே அது தான். கொழுப்பு சேத்த தீவனம் தின்ன மாடுகள்ல ரத்த கொலஸ்ட்ரால் ஏறுறதும் பெரிய முட்டைப்பை பெருசா வளர்றதும் திரும்ப திரும்ப ஆய்வுகள்ல வந்திருக்கு.

மூணாவது தான் சுவாரஸ்யமானது, கொழுப்போட வகை. ஒமேகா ஆறு வகை, அதாவது பருத்திக்கொட்டை, சோயா, சூரியகாந்தி எண்ணெய்ல நிறைய இருக்குறது, உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு கருப்பைய சுருங்க வைக்கிற ஒரு ஹார்மோன் உண்டாக்க உதவும். கன்னு போட்ட முதல் மாசத்துல இது நல்லது, கருப்பை சுருங்கி அழுக்கு வெளியேற அது தேவை. ஆனா ஊசி போட்ட பிறகு அதே புரோஸ்டாகிளாண்டின் தான் எதிரி. கரு தங்கி பதினாறு பதினேழு நாள் வாக்குல நான் இங்க இருக்கேன்னு தாய்க்கு ஒரு சிக்னல் குடுக்கும், அந்த சிக்னல் ஜெயிச்சா தான் சினை நிக்கும், புரோஸ்டாகிளாண்டின் ஜெயிச்சா கரு கலைஞ்சு மாடு இருபத்தோராம் நாள் திரும்ப கத்தும், நாம ஊசி நிக்கலனு சொல்லிட்டு இருப்போம். ஒமேகா மூணு வகை, அதாவது பச்சைப்புல், ஆளி விதை, மீன் எண்ணெய்ல இருக்குறது, இந்த புரோஸ்டாகிளாண்டின கொஞ்சம் அடக்கி வைக்கும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல கன்னு போடுற சமயத்துல ஒமேகா ஆறு, ஊசி போடுற சமயத்துல ஒமேகா மூணுனு மாத்தி குடுத்து பாத்து சினை நல்லா நின்னதா எழுதியிருக்காங்க.

இத கேட்டுட்டு ஆளி விதை எண்ணெய் வாங்கி ஊத்த கிளம்பிடாதீங்க. அந்த ஆய்வுல குடுத்தது பைபாஸ் பண்ண வடிவத்துல. நாம சும்மா ஊத்துற எண்ணெய்ல இருக்குற ஒமேகா மூணுல பெரும்பகுதிய பெருவயித்துல இருக்குற நுண்ணுயிர்கள் சாதாரண கெட்டிக் கொழுப்பா மாத்திடும், மிச்சம் தாண்டி போறது கொஞ்சம் தான். நம்ம நிலைமையில ஒமேகா மூணுக்கு மலிவான வழி தினமும் இருபது, இருபத்தஞ்சு கிலோ இளம் பசும்புல். புல்லுல மொத்த கொழுப்பே ரெண்டு மூணு சதவீதம் தான், ஆனா அதுல பாதிக்கு பக்கம் ஒமேகா மூணு, கூடவே பீட்டா கரோட்டினும் கிடைக்குது. காஞ்ச தட்டையிலயும் வைக்கோல்லயும் இது ரெண்டும் ஏறக்குறைய போயிடுது.

2015ல ஒரு தொகுப்பாய்வு வந்துச்சு, 17 ஆய்வுகள ஒண்ணா வச்சு பாத்தது. கொழுப்பு சேத்து குடுத்த மாடுகள்ல ஒரு ஊசிக்கு சினை நிக்கிறது சராசரியா 27 சதவீதம் கூடியிருக்குனு சொல்லுது. இத படிக்கும் போது கவனம், நூத்துக்கு நாப்பது நின்ன இடத்துல அறுபத்தேழு நிக்கும்னு அர்த்தம் இல்ல, நாப்பது நின்ன இடத்துல அம்பது வாக்குல நிக்கும். விளம்பரத்துல இந்த வித்தியாசத்த யாரும் சொல்ல மாட்டாங்க.

பெருவயிறு தான் எல்லைக்கோடு

மாடு தானா வைக்கோல செரிக்கிறது இல்ல, பெருவயித்துல இருக்குற நுண்ணுயிர்கள் தான் செரிச்சு குடுக்குது. எண்ணெய் அதிகமா போனா நார் மேல படிஞ்சு நுண்ணுயிர்கள ஒட்ட விடாது, சில வகை எண்ணெய் அதுங்கள கொன்னே போட்டுடும். அப்புறம் வைக்கோல் செரிக்காது, மாடு தீனிய குறைக்கும், சக்தி கூட்டுறேன்னு ஆரம்பிச்சது சக்திய குறைச்சுட்டு போயிடும். அதனால தான் மொத்த தீவனத்தோட காய்ஞ்ச எடையில கொழுப்பு ஆறு, மிஞ்சி போனா ஏழு சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுனு சொல்றாங்க. வைக்கோல் தட்டை நிறைய போடுற நம்ம வீடுகள்ல அஞ்சு சதவீதத்துல நிறுத்திக்கிறது நல்லதுனு நான் சொல்வேன்.

பைபாஸ் ஃபேட் இந்த பிரச்சனைய தாண்ட கண்டுபிடிச்சது. கொழுப்பு அமிலத்த சுண்ணாம்புச் சத்தோட சேத்து உப்பு மாதிரி ஆக்கிட்டா அது பெருவயித்துல கரையாது, அத தாண்டி இருக்குற உண்மையான இரைப்பையில அமிலம் அதிகம், அங்க போய் பிரியும். 1980கள்ல ஒஹையோவுல பாம்குவிஸ்ட், ஜென்கின்ஸ்னு ரெண்டு பேர் இத உருப்படியா செஞ்சு காட்டினாங்க. கடையில இன்னொரு வகையும் இருக்கு, சின்ன சின்ன மணி மாதிரி உருட்டின வெள்ளைக் கொழுப்பு, அது உருகுற சூடு மாட்டோட உடம்புச் சூட்ட விட ரொம்ப அதிகம், அதனால பெருவயித்துல உருகாம தாண்டிடும். சுண்ணாம்பு சேத்த வகையில கொழுப்பு எண்பத்து நாலு சதவீதம் வாக்குல, மணி வகையில தொண்ணூத்தொம்பது வரைக்கும். முழுசா ஹைட்ரஜன் ஏத்தி கல்லு மாதிரி ஆக்கின கொழுப்பும் சில பேர் விக்கிறாங்க, அது பெருவயித்தையும் தாண்டும், குடலையும் தாண்டும், சாணியில வந்து விழும். ரெண்டு நல்ல வகையுமே பெரும்பாலும் பாமாயில்ல இருந்து வர்றது, அதாவது சக்திக்கு சரி, ஒமேகா மூணு அதுல எதிர்பாக்காதீங்க.

ஒண்ணு கவனிக்கணும், சுண்ணாம்பு வகை பெருவயிறு புளிச்சு போயிருந்தா அங்கேயே பிரிஞ்சிடும். மிஞ்சின சாதம், அரிசிக் கஞ்சி, மக்காச்சோள மாவுனு அள்ளிக் கொட்டிட்டு கூடவே பைபாஸ் ஃபேட்டும் போட்டா அது பைபாஸ் ஆகாம சும்மா எண்ணெயா தான் நிக்கும்.

முதல்ல கணக்கு போடுங்க

நானூறு கிலோ எடை, பன்னெண்டு லிட்டர் கறக்குற மாடுனு வச்சுக்குவோம். கம்பு நேப்பியர் புல் இருபத்தஞ்சு கிலோ போடுறீங்க, அதுல தண்ணி போக காய்ஞ்ச எடை அஞ்சு கிலோ, கொழுப்பு நூறு கிராம். வைக்கோல் மூணு கிலோ, கொழுப்பு நாப்பது கிராம் தேறும். கலப்புத் தீவனம் அஞ்சு கிலோ, மூட்டையில தச்சிருக்குற சீட்டுல கச்சா கொழுப்பு எத்தனை சதவீதம்னு போட்டிருப்பாங்க, மூணரைனு வச்சா நூத்தி எழுபத்தஞ்சு. செக்கு கடலைப்புண்ணாக்கு ஒரு கிலோ, ஏழு எட்டு சதவீதம், எழுபது எண்பது கிராம். மொத்தம் முன்னூத்தி தொண்ணூறு கிராம் கொழுப்பு, மொத்த காய்ஞ்ச எடை பதிமூணு கிலோ. அஞ்சு சதவீத எல்லைனா அறுநூத்தி அம்பது கிராம். அப்ப மிச்சம் இருக்குற இடம் இருநூத்தி அறுபது.

இந்த இடத்துக்குள்ள பைபாஸ் ஃபேட் நூத்தம்பது கிராம் போட்டா கொழுப்பு நூத்தி இருபத்தஞ்சு, தாராளமா அடங்கும். பருத்திக்கொட்டை ஒரு கிலோ போட்டா அதுல அஞ்சுல ஒரு பங்கு எண்ணெய், இருநூறு கிராம், அதுவும் அடங்கும். ரெண்டையும் போட்டா முன்னூத்தி இருபத்தஞ்சு, எல்லை தாண்டுது. பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துற வீட்ல போய் பைபாஸ் ஃபேட்டும் வாங்க சொல்றவங்க இந்த கணக்க போட்டே பாத்திருக்க மாட்டாங்க.

தவிடு விஷயத்துல உஷாரா இருங்க. மில்லுல இருந்து நேரா வர்ற அரிசித் தவிட்டுல எண்ணெய் பன்னெண்டுல இருந்து பதினெட்டு சதவீதம் வரைக்கும் இருக்கும், எண்ணெய் எடுத்த தவிட்டுல ஒண்ணோ ஒண்ணரையோ. ரெண்டையும் கடையில தவிடுனு தான் விப்பாங்க. பச்சைத் தவிடு ரெண்டு கிலோ போட்டாலே முன்னூறு கிராம் கொழுப்பு உள்ள போயிடும், அதோட அது நாலஞ்சு நாள்ல காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும், கெட்டுப்போன எண்ணெய் வைட்டமின் ஈய தின்னுடும். காறல் அடிக்கிற தவிட மாட்டுக்கு போடாதீங்க.

எந்த மாட்டுக்கு, எந்த நாள்ல

மாட்ட பின்னாடியும் பக்கவாட்லயும் நின்னு பாருங்க. விலா எலும்பு கடைசி ரெண்டு மூணு லேசா தெரியலாம், இடுப்பு எலும்பு உருண்டு தெரியலாம், அது சரியான உடம்பு. டாக்டர்ங்க ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுவாங்க, கன்னு போடும் போது மூணுல இருந்து மூணரை இருக்கணும். கன்னு போட்ட பிறகு அரை மார்க் இறங்குறது இயல்பு, ஒண்ணுக்கு மேல இறங்கினா தான் சினை நிக்கிறது பாதிக்கும். கை செல்போன் இருக்குல்ல, கன்னு போட்ட அன்னைக்கு பின்பக்கம் ஒரு போட்டோ, மாசம் ஒரு போட்டோ எடுத்து வைங்க, தினம் பாக்குற கண்ணுக்கு மெலியுறது தெரியாது.

பால் வத்தின ரெண்டு மாசத்துல கொழுப்பு சேக்க வேண்டாம். நிறைசினை மாடுனு பாசத்துல புண்ணாக்கும் தவிடும் கொட்டி கொழுக்க வச்சா மார்க் நாலுக்கு மேல போயிடும், அந்த மாடு தான் கன்னு போட்ட உடனே தீனி திங்காம படுக்கும், உடம்பு கொழுப்பு வேகமா கரைஞ்சு ஈரல்ல போய் சேரும், நஞ்சுக்கொடி விழாம நிக்கும், உடம்பு கொழுப்பு அளவுக்கு மேல கரையுறதால வர்ற கீட்டோசிஸ் நோய் வரும், அப்புறம் பருவமும் தள்ளி போகும். மெலிஞ்ச மாடு மாதிரியே கொழுத்த மாடும் சினை பிடிக்காது. பைபாஸ் ஃபேட் வாசனைக்கு பழக்கணும்னா கன்னு போடுறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு வாரம் முப்பது, அம்பது கிராம் அடர்தீவனத்துல கலந்து காட்டுங்க போதும்.

கன்னு போட்டு முதல் ரெண்டு மூணு வாரம் கொழுப்பு அவசரம் இல்ல, மாடு நல்லா திங்க ஆரம்பிக்கிறது தான் அவசரம். இந்த நேரத்துல உடைச்ச மக்காச்சோளம் ஒரு கிலோ அளவுல, நல்ல பசும்புல், தாது உப்பு. மாவுச்சத்து இன்சுலின ஏத்தும், இன்சுலின் ஏறினா சினைப்பை சீக்கிரம் முழிக்கும். இங்கிலாந்துல நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துல இத நல்லா பாத்திருக்காங்க, முதல் பருவம் வர்ற வரைக்கும் மாவுச்சத்து தீவனம், பருவச் சுழற்சி ஆரம்பிச்ச பிறகு கொழுப்பு கூடின தீவனம்னு மாத்தி குடுத்த மாடுங்க நல்லா சினை பிடிச்சுது. ஏன்னா ஊசி போடுற நேரத்துலயும் இன்சுலின் ஏகத்துக்கு இருந்தா முட்டை தரம் குறையுதாம். நம்மூர்ல மாடு வாரியா தீவனம் மாத்துறது கஷ்டம் தான், ஆனா ரெண்டு மாடு நாலு மாடு வச்சிருக்குறவங்க தாராளமா செய்யலாம்.

மூணாவது வாரத்துல இருந்து பைபாஸ் ஃபேட் ஆரம்பிங்க. முதல் வாரம் அம்பது கிராம், அடுத்த வாரம் நூறு, அப்புறம் ஒரு லிட்டர் பாலுக்கு பத்துல இருந்து பதினஞ்சு கிராம் கணக்கு. பன்னெண்டு லிட்டர் மாட்டுக்கு நூத்தம்பது கிராம், இருபது லிட்டர் மாட்டுக்கு இருநூறுல இருந்து இருநூத்தம்பது. ஒரே வேளையா கொட்டாம காலை மாலை ரெண்டா பிரிச்சு அடர்தீவனத்துல பிசைஞ்சு குடுங்க. தண்ணித் தொட்டியில போட்டா மேல மிதக்கும், மாடு மூக்கால தள்ளிட்டு தண்ணிய மட்டும் குடிச்சிட்டு போயிடும். சில மாட்டுக்கு சோப்பு வாடை பிடிக்காது, ரெண்டு மூணு நாள் முறைக்கும், கொஞ்சம் வெல்லப்பாகு தெளிச்சா திங்கும். எந்தக் காரணத்துக்கும் எண்ணெய்ய மூங்கில் குழாயில வாயில ஊத்தி பழகாதீங்க, நாக்க பிடிச்சு இழுத்துட்டு ஊத்தும் போது நுரையீரலுக்கு போனா நிமோனியா தான்.

கூடவே தாது உப்பு கட்டாயம். கொழுப்பு குடல்ல சுண்ணாம்பு, மெக்னீசியம் ரெண்டையும் பிடிச்சு இழுத்துட்டு போகும், பைபாஸ் ஃபேட்ல இருக்குற சுண்ணாம்ப நம்பி தாது உப்ப நிறுத்துறது ஒரு பெரிய தப்பு. நாளைக்கு அம்பது கிராம் தாது உப்பு, முப்பது கிராம் சாப்பாட்டு உப்பு, இத விட முதல்ல செய்ய வேண்டிய செலவு வேற இல்ல.

கையில இருக்குற பொருள பத்தி கொஞ்சம்

பருத்திக்கொட்டை நல்ல பொருள், கொழுப்பும் புரதமும் நாரும் ஒண்ணா இருக்கு, கொட்டையோட தோல் உள்ள இருக்குற எண்ணெய்ய மெதுவா தான் விடும். முழுசாவோ லேசா உடைச்சோ போட்டா இந்த லாபம் கிடைக்கும், நைசா ஆட்டி பாலா ஊத்தினா எண்ணெய் ஒரேயடியா பெருவயித்துல இறங்கிடும். ஒரு கிலோ, ஒண்ணரை கிலோவோட நிறுத்துங்க. தேங்காய்ப்புண்ணாக்குல இருக்குற கொழுப்பு நுண்ணுயிர்கள ரொம்ப அடக்குற வகை, அதனால ஒரு கிலோவுக்குள்ள வச்சுக்குங்க, செக்கு புண்ணாக்கா இருந்தா இன்னும் கம்மி. கடலைப்புண்ணாக்குல கொழுப்ப விட பூஞ்சைய தான் பாக்கணும், ஈரத்துல கட்டி பிடிச்ச புண்ணாக்குல அஃப்ளாடாக்சின்னு பூஞ்சை நச்சு இருக்கும், அது பால் வழியா வீட்டு குழந்தைக்கும் வரும். எள்ளுப்புண்ணாக்கு நல்லது, விலை தான் இடிக்கும்.

அளவு தாண்டினா மாடே சொல்லும். பால் சொசைட்டியில குடுக்குற சீட்ட பாருங்க, பால்ல ஃபேட் நாலு புள்ளி ரெண்டுல இருந்து மூணரைக்கு ஒரே வாரத்துல இறங்கினா நீங்க குடுக்குற எண்ணெய் பெருவயித்த கெடுக்குது. தீவனத்துல கொழுப்பு கூட்டினா பால்ல கொழுப்பு கூடும்னு நெனச்சவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும், ஆனா பருத்தி, சோயா, சூரியகாந்தி மாதிரி எண்ணெய் அளவுக்கு மேல போனா பெருவயித்துல அரைகுறையா மாறி மடியில கொழுப்பு உண்டாகுறதையே தடுத்துடும். சாணி பளபளனு இளகி போகும், செரிக்காத நீள நார் தெரியும், அசை போடுறது குறையும். நாலு நாளைக்கு எண்ணெய் சமாச்சாரம் எல்லாத்தையும் நிறுத்திட்டு நல்ல வைக்கோலும் புல்லும் போட்டா தேறிடும்.

கொழுப்பு சரி பண்ணாத விஷயம்

உடம்பு மூணு மார்க்ல இருக்கு, இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவ ஒழுங்கா கத்துது, பருவத்துல பின்னாடி வர்ற வழும்பு கண்ணாடி மாதிரி ஊத்துது, ஆனா சினை நிக்கல. இதுக்கு பைபாஸ் ஃபேட் வாங்காதீங்க. ஊசி போட்ட நேரம் தப்பா இருக்கலாம், காலையில கத்தினா சாயங்காலம், சாயங்காலம் கத்தினா மறுநாள் காலையில போடணும், மதியம் டாக்டருக்கு போன் பண்ணி அவர் மறுநாள் சாயங்காலம் வந்தா முட்டை போயிருக்கும். வழும்பு வெள்ளையா சீழ் கலந்து வந்தா கருப்பையில புண்ணு, அதுக்கு மருந்து வேற. சில மாடு கத்தாது, ராத்திரி ரெண்டு மணிக்கு மத்த மாடு ஏறினா அமைதியா நிக்கும், காலையில ஒண்ணும் தெரியாது, இது ஊமைப் பருவம், எருமையில ரொம்ப சகஜம். குடற்புழு மருந்து போட்டு எத்தனை மாசம் ஆச்சுனும் பாருங்க. கன்னு போட்டு அறுபது நாள் தாண்டி பருவமே தெரியலைனா டாக்டர கூப்பிட்டு கை விட்டு பாக்க சொல்லுங்க, அந்த ஒரு பரிசோதனை பல பாக்கெட்ட மிச்சம் பண்ணும்.

இன்னொண்ணு, நல்லா கறக்குற மாட்டுக்கு கொழுப்பு குடுத்தா முதல்ல பால் தான் ஏறும். ஒரு லிட்டர் கூடுதுனு சந்தோஷப்படலாம், ஆனா அந்த சக்தி மடிக்கு போனதால மாடு தேறாம அப்படியே எலும்பா நிக்கும். மாசப் போட்டோவுல உடம்பு ஏறலைனா மொத்த தீவனமே பத்தலனு அர்த்தம், புல்லு அடர்தீவனம் ரெண்டையும் கூட்டணும், கொழுப்ப மட்டும் கூட்டினா ஆகாது.

காளைக்கும் ஆட்டுக்கும்

பருத்திக்கொட்டையில காசிபோல்னு ஒரு நச்சு இருக்கு. பெருவயிறு நல்லா வேலை செய்யுற பசு அத ஓரளவு கட்டிப் போட்டுடும், ஆனா காளைக்கு அதிகமா போனா விந்தணுவோட நடுப்பாகம் கெட்டு நீந்த முடியாம போயிடும். ஜல்லிக்கட்டு காளைக்கு பருத்திக்கொட்டை தான் பலம்னு ஊர்ல குடுக்குறாங்க, அது களத்துக்கு சரி, அதே காளைய ஊர் மாட்டுக்கு சினைக்கு விடுறதா இருந்தா கொட்டைய குறைச்சு வைங்க. நிறுத்தின உடனே சரியாகாது, காளையில விந்தணு புதுசா உருவாகி வர ரெண்டு மாசம் ஆகும். நாலு மாசத்துக்கு கீழ இருக்குற கன்னுக்கு பருத்திக்கொட்டை வேண்டவே வேண்டாம், பெருவயிறு வளராததால நச்சு நேரா ரத்தத்துக்கு போகும்.

வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பைபாஸ் ஃபேட் எல்லாம் தேவையில்ல. கிடாய் விடுறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி இருந்து தலைக்கு இருநூறு, இருநூத்தம்பது கிராம் அடர்தீவனம், சோளமும் புண்ணாக்கும் கலந்து குடுத்தா உடம்பு ஏறுற போக்குல இருக்கும் போது முட்டை ஒண்ணுக்கு ரெண்டா வெடிக்க வாய்ப்பு கூடும். ஏற்கனவே கொழுத்த ஆட்டுக்கு இதனால ஒண்ணும் ஆகாது, மெலிஞ்ச ஆட்டுக்கு தான் பலன்.

எப்ப நிறுத்துறது

பைபாஸ் ஃபேட் ஒரு நாளைக்கு நூத்தம்பது கிராம்னா நூறு நாளைக்கு பதினஞ்சு கிலோ. உங்க ஊர் விலைய போட்டு பாருங்க, பக்கத்துல ஒரு மாடு ஒரு பருவம் தப்பினா இருபத்தோரு நாள் சும்மா தீனி போடுற செலவையும் எழுதி பாருங்க, பெரும்பாலும் பத்து லிட்டருக்கு மேல கறக்குற மாட்டுக்கு கட்டுப்படி ஆகும், கீழ இருக்குறதுக்கு ஆகாது. ஊசி போட்ட அன்னைக்கே நிறுத்தாதீங்க, சினை நின்னு கரு ஒட்டுற முதல் ஒரு மாசம் தான் புரோஜெஸ்டிரோன் ரொம்ப தேவைப்படுற காலம். ரெண்டு, ரெண்டரை மாசத்துல டாக்டர் கை விட்டு பாத்து சினை உறுதினு சொன்ன பிறகு, மாடு மூணு மார்க்குக்கு வந்திருந்தா, ஒரு வாரத்துல படிப்படியா குறைச்சு நிறுத்திடலாம். மிச்சம் இருக்குற பாக்கெட்ட காத்து புகாம கட்டி நிழல்ல வைங்க, காறல் வாடை வராம இருந்தா அடுத்து கன்னு போடுற மாட்டுக்கு ஆகும்.